வேகம்: பூச்சியம்

மென்பொருள் கேட்டது: கப்பலின் நீளம், வேகம்,
எவ்வளவு அமிழும், வருடத்துக்கு எத்தனை.
கொடுத்தேன்.
மோதல், நாற்பது வருடத்துக்கு ஒன்று.
தரைதட்டல், அதைவிடக் கொஞ்சம் கிட்ட.
ஒலுவில் துறைமுக வாயின் ஆழம் போன வருடத்து அளவு;
வாடை எழும்பி மணல் புரண்டு படுத்துவிட்டது,
அதற்கொரு கட்டமில்லை.

திரையில் கடல் காலி.
யன்னலில் இருபத்தேழு விளக்கு.

சமிக்ஞைக் கருவி இல்லாததை அது எண்ணாது.
கையால் ஏற்றினேன்:
ஆதம்பாவா, பதினெட்டடி வள்ளம்,
வலை விட்டுக் காத்திருக்கிறார், வேகம் பூச்சியம்.
பூச்சியம் செல்லாது என்றது, சிவப்பில்.

0.1 என்று பொய் சொன்னேன்.
இருபத்தேழு பொய்.
நாற்பது ஆறாக இறங்கியது.

எட்டு மணிக்கு அறிக்கை.
அங்கே ஒரு விளக்கு அணைகிறது,
மீன் போதுமென்றோ, பேட்டரி செத்தோ.
எந்த வரிசையென்று தெரியாமல்
எதையும் அழிக்கவில்லை.