வெண்கலம் வரைக்கும்

வியாசர்பாடியில் எங்கள் ஏழாம் நாள் சபை.
மேடைக்கு இடப்பக்கம் காடாத்துணியில் அந்தச் சிலை:
பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கலத் தொடை,
இரும்புக் கால்கள்,
பாதம் மட்டும் பாதி இரும்பு, பாதி களிமண்.
துறைமுகத்தில் போர்டு எழுதிய சாலமோன் துரைக்கண் வரைந்தது.
பாபிலோனுக்குத் திருகு மீசை வைத்துவிட்டார்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் ஐ.சி.எஃப்.பில் வெல்டர்.
இரும்பும் மண்ணும் ஒட்டாது என்பதை
எனக்கு ஒரு தீர்க்கதரிசி வந்து சொல்லவேண்டியதில்லை.
பத்தொன்பது வருஷம்
சனிக்கிழமை ஷிஃப்டை ஞாயிறுக்கு மாற்றி மாற்றி
ஃபோர்மேனிடம் வாங்கிய பெயர், உலகமுடிவு.
"என்னப்பா உலகமுடிவு, இந்த மாசமா?
போனஸ் போட்டப்புறம் வரச்சொல்லு."

பெரம்பூர் ஸ்டேஷன் படியில்
மூன்று தூதர்களின் செய்தியை நீட்டுவேன்.
வாங்குவார்கள்.
பிளாட்பாரத்தில் அதே தூதர்கள்
வேர்க்கடலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த டிசம்பர் வெள்ளியில்
காலண்டர் தாள் சொன்னது: அஸ்தமனம் 5.42.
நாலு நாளாகச் சூரியனையே காணோம்.
தாளை நம்பித்தான் ஓய்வுநாளைத் தொடங்கினோம்.
இரண்டாம் பாட்டில்
கேப்டன் காட்டன் கால்வாய் வாசல் ஏறி வந்தது.

முதலில் களிமண்ணைத் தொட்டது.
பிறகு இரும்பு, கணுக்காலாக, முழங்காலாக.
படிக்கட்டில் நின்று ஏபெல் கத்தினான்,
ஆறு வயசு, ஓய்வுநாள் பள்ளியில் முதல் மாணவன்:
"ரோமாபுரி முழுகிடுச்சு!"
வெண்கலத்தில் ஏறி
கிரேக்கு தேசத்தில் நின்றது தண்ணீர்.

மாடிக்குத் தெருவே வந்தது.
ரஜியாபீயும் அவள் இரண்டு ஆடுகளும்.
பிளாஸ்டிக் குடத்துக்குள் ரேஷன் கார்டோடு கோதண்டம்.
கடைசியாக, நெஞ்சுவரை நனைந்து,
பாளையத்தம்மன் கோயில் பூசாரி.
ஈரத்துண்டில் ஏதோ சுற்றி, குழந்தையைப்போல் தூக்கி.
துண்டின் ஓரத்தில் சின்னதாய் ஒரு செம்புக் கால்.

"இவளை எங்க வெக்கட்டும்?"

கற்பனைகளைக் காக்கிறவர்கள் நாங்கள்.
பத்தும். அதில் இரண்டாவதும்.
பாஸ்டர் மழையைப் பார்த்தார்.
நான் என் கைகளைப் பார்த்தேன்.
கிருபாவதி அக்காதான் போய்
பாட்டுப்புத்தக பெஞ்சின் ஒரு முனையை
முந்தானையால் துடைத்துவிட்டு
ஒன்றும் பேசாமல் நகர்ந்துகொண்டாள்.
அவள் செய்தது சரியா என்று
இன்றுவரை எங்களுக்குள் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமையே சமைத்து வைத்திருந்தது
பதினோரு குடும்பத்துக்கு.
மாடியில் எண்பத்துமூன்று பேர், ஆடுகள் நீங்கலாக.
கடைசிக் காலத்து மீதியானோர் என்று
எங்களை நாங்களே சொல்லிக்கொள்வோம்.
அன்று ராத்திரி பானையில் மீதி என்று
ஒரு பருக்கை இல்லை.

தண்ணீர் வடிந்தது. கறை வடியவில்லை.
ஃப்ளெக்ஸில் புதுசாக அடிக்கலாம் என்கிறார் பாஸ்டர்.
கமிட்டி மூன்று முறை கூடிக் கலைந்தது.
கைகளால் பெயர்க்கப்படாத அந்தக் கல்
துணியின் மேல்மூலையில்
இன்னும் நனையாமல், விழாமல் இருக்கிறது.
வரும். நம்புகிறேன்.

ஸ்டேஷன் படியில் இப்போதும் நிற்கிறேன்.
'சீக்கிரம்' என்று அச்சடித்த தாளை நீட்டும்போது
அதற்கு முன்னால் வேறொன்று வாயில் வந்துவிடுகிறது:
உங்க வீட்ல
தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?