கதிரை

நாடுகாட்டிலிருந்து தோணி வந்தது.
பழுகாமத்துத் துறையில் நாலு பேர் பிடித்து இறக்கியது
மாப்பிள்ளையை அல்ல,
ஒரு கதிரையை.

பறங்கிக் கப்பித்தான் கொடுத்த கலியாணப் பரிசாம்.
அந்தச் சொல்லே அன்றைக்குத்தான்
எங்கள் வாய்க்கு வந்தது.
எந்தக் குடி முதலில் அதில் இருப்பதென்று
அம்மான்மார் விடியும்வரை வழக்காடினார்கள்.
என்னை எவனுக்குக் கொடுப்பதென்று தீர்க்க
ஒரு வாய் வெற்றிலை
மென்று முடிக்கும் நேரம் போதுமாயிருந்தது.

வீடு என் பெயரில்.
ஆற்றங்கரை வயல் அவ்வளவும் என் பெயரில்.
நான் மட்டும்
அம்மான் வாயில்.

இரவு விளக்கைத் தணித்தபோது
அவன் நிலைப்படி தாண்டாமல் நின்றான்.
பெயர் பூபாலப்போடி.
மீசை இன்னும் வந்து சேரவில்லை.
"கிணறு எந்தப் பக்கம்?" என்றான்.
கொஞ்சம் பொறுத்து, சுவரைப் பார்த்து,
"எங்கட அம்மாவப் பார்க்க
எப்ப விடுவீங்க?"

ஏழு நாளாய் நான் மடித்துமடித்து வைத்திருந்த பயம்
எங்கே போவதென்று தெரியாமல்
அறைக்குள் முழித்தது.

ஒன்றும் பேசாமல் போய்
கதிரையில் ஏறி இருந்தேன்.
கால் நிலத்துக்கு எட்டவில்லை.

"கிழக்கால," என்றேன்.
"கயிறு புதுசு.
கையை அறுக்கும்."