கேட்டால் ஒரு மிளகு

வீடு வாங்குகிறேன் என்றுதான்
பஸ் டிப்போவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.
வக்கீல் த்ரெல்ஃபால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்:
"நீங்கள் வாங்குவது வீடில்லை, மிஸ் பர்ட்விஸில்.
எழுபத்தொன்பது ஆண்டு, நான்கு மாதம்."

மோர்கம் கடற்கரைச் சாலை. இரண்டாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் சேறு, சேற்றில் பறவைக்கால்கள்.
நாளுக்கு இருமுறை
கடல் தன் குத்தகையைப் புதுப்பிக்க வரும்,
யாருக்கும் நோட்டீஸ் கொடுக்காமல்.

அவர் பத்திரத்தைப் படித்தார்.
சுவர்ப்பூச்சு உங்களுடையது, சுவர் அவர்களுடையது.
தரைப்பலகை உங்களுடையது,
அதைத் தாங்கும் உத்தரம் அவர்களுடையது.
ஜன்னலில் கண்ணாடி உங்களுடையது,
சட்டம் அவர்களுடையது.
"எந்தச் சட்டம்?" என்றேன்.
"இரண்டும்தான்" என்றார், சிரிக்காமல்.

அவர்கள் என்றால்
பெயர்ப்பலகை இல்லாத ஒரு கம்பெனி.
அதை வைத்திருப்பது இன்னொரு கம்பெனி.
அதற்கு ஜெர்சித் தீவில் ஒரு தபால்பெட்டி.
அந்தப் பெட்டிக்குத்தான்
நான் வருடம் நூறு பவுண்டு அடிமனை வாடகை கட்ட வேண்டும்.
இருபத்தைந்து ஆண்டுக்கொருமுறை அது இரட்டிக்கும்.
பதினெட்டு வருடமாக
ஹேஷமுக்கும் லங்காஸ்டருக்கும் பஸ் ஓட்டுகிறேன்,
என் சம்பளம் ஒருமுறையும் இரட்டித்ததில்லை.

நாய் கூடாது.
இரவு பதினொன்றுக்கு மேல் பியானோ கூடாது.
என்னிடம் நாயுமில்லை, பியானோவுமில்லை.
கேட்ட அந்த நிமிடம்
இரண்டின் மேலும் ஆசை வந்தது.

வரும் கோடையில் கூரை வேலையாம்.
கூரை இருப்பது எனக்கு இரண்டு மாடி மேலே.
செலவில் ஒன்பதில் ஒரு பங்கு
நேராக என் தலையில்.

பிறகு எண்பதைப் பற்றிச் சொன்னார்.
எண்பது ஆண்டுக்கு மேல் மீதியிருந்தால் நீட்டிக்க ஒரு விலை.
அதற்குக் கீழே இறங்கிவிட்டால்
மண்ணும் குத்தகையும் ஒன்றுசேர்வதால் கூடும் மதிப்பில்
பாதி மண்காரனுக்கு.
அதற்குப் பெயர் கல்யாண மதிப்பு.
"எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால்…" என்றார்.

எட்டு மாதம் முன்னால்
வேறொரு வக்கீலின் மேசையில்
க்ளைவைப் பிரியக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.
பத்தொன்பது வருடத்தின் பாதிதான்
இப்போது என் வங்கிக்கணக்கு.
அதிலிருந்து யாரோ இருவரின் கல்யாணத்துக்கு
மொய் எழுதச் சொல்கிறார்கள்.

புதிதாக வாங்குபவள் உடனே நீட்டிப்புக் கேட்க முடியாது,
இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.
ஆகவே விற்கிற காக்ஸ்வெல், ஓய்வுபெற்ற பல் டாக்டர்,
தன் பெயரில் நோட்டீஸ் கொடுத்து
அதன் உரிமையை எனக்கு மாற்றித் தர வேண்டும்.
வீடு கைமாறும் அதே நாளில்.
ஒரு நாள் பிந்தினாலும் எல்லாம் வீண்.
அந்த மனிதரோ ஸ்பெயினுக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்,
பேனா எந்தப் பெட்டியில் என்று தெரியவில்லை.
என் பேனாவைக் கொடுத்தேன்.
திருப்பித் தரவில்லை.

பதினாலாயிரம் கேட்டார்கள்.
ஆறாயிரம் என்றோம்.
கடிதம், பதில் கடிதம், ஈஸ்டர் விடுமுறை.
ஒன்பதாயிரத்து இருநூறில் நின்றது.
அவர்கள் வக்கீலுக்கும் நானே கொடுத்தேன்.
என்னிடம் எவ்வளவு பறிக்கலாம் என்று கணக்குப்போட்ட
அவர்கள் மதிப்பீட்டாளருக்கும் நானே.

இப்போது நூற்றறுபத்தெட்டு ஆண்டும் சில மாதமும்
என் கையில் இருக்கின்றன.
எனக்கு வயது ஐம்பத்தொன்று.
மிச்சத்தை யார் வாழப்போகிறார்கள், தெரியாது.
இந்தச் சேறாவது இருக்குமா?

புதுப் பத்திரத்தில் நூறு பவுண்டு போய்விட்டது.
வருட வாடகை இனி ஒரு மிளகு,
கேட்டால் மட்டும்.
நாலு தடவை படித்தேன். மிளகுதான்.

அன்றிரவு சமையலறையில்
மிளகுக்குடுவையைத் திறந்து ஒன்றை எடுத்தேன்.
உறையிலிட்டு ஒட்டி
மேலே எழுதினேன்: இந்த வருடத்துக்கு.
ஜெர்சியிலிருந்து எவராவது
படியேறி வந்து கேட்கலாம் அல்லவா?

இடித்த மிளகு செல்லுமா என்று
த்ரெல்ஃபாலிடம் கேட்க ஆசைதான்.
கேட்டால் அதற்கும் பில் வரும்.