பதினெட்டாவது வரிசை

மேற்குச் சுவரை வெயில் தின்றிருந்தது.
வடக்கில் பாசி ஏறிக் கறுத்திருந்தது.
இடையில் யாரோ அடித்த பச்சை எனாமல்
கருவாட்டுச் செதிலாய் உரிந்து தொங்கியது.

தேவதாரு என்று சொல்லித்தான் விற்றார்கள்.
சிறுமலை உச்சியில் தோட்டக்காரர் ஒருவர் கட்டியதாம்,
எழுபத்தொன்றில் பிரித்து, லாரியில் இறக்கி,
அழகர்மலை அடிவாரத்தில் திரும்ப அடுக்கியதாம்.
சோணை ஓர் ஓரத்தைச் சுரண்டி மோந்து பார்த்தார்.
"தேவதாருமில்ல ஒண்ணுமில்ல, மதகரி வேம்பு.
ஆனா நல்ல சாமான்."
முன்பணம் நாலாயிரம் வாங்கிக்கொண்டார்.

அவர் மிஷின் பிடித்தார், ஒச்சம்மாள் உளி.
கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மிஷின் நுழையாது,
எனவே வீட்டில் பாதி அவள் கைக்கு வந்தது.
கூலியில் பாதி வரவில்லை.
மூன்றாம் நாள் நான் கேட்டேன். நாலாம் நாள் வந்தது.

பச்சைக்குக் கீழே காவி.
காவிக்குக் கீழே அலுமினியப் பூச்சு,
தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கி மிஞ்சியதாக இருக்கும்.
அதற்கும் கீழே, உப்புத்தாள் தேய்ந்து தேய்ந்து காகிதமான பிறகு,
பப்பாளியை வெட்டி வைத்தாற்போல ஒரு சிவப்பு.
அந்தத் தூளுக்கு மூவரும் தும்மினோம்.

"இங்க என்னமோ கீறிருக்கு" என்றாள் ஒச்சம்மாள்.
மூலையில், கட்டையின் முனையில்,
உளியால் கொத்திய எழுத்து: ௰௪.
அதன்மேல் ௰௫.
பத்திர ஆபீஸில் பழைய ஏடு புரட்டிய பழக்கம்,
எனக்கு அந்த எண்கள் தெரியும்.
பிரித்தவன் திரும்ப அடுக்கத் தடுமாறாதிருக்கப் போட்ட கணக்கு.
விரல் வைத்து மேலேறினேன்.
௰௬. ௰௭. ௰௯.

நான்கு மூலையிலும் ஏணி போட்டு எண்ணினோம்.

சோணை மிஷினை அணைத்தார்.
மலை இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டார்.
"பதினெட்டுன்னா அவன்கிட்டதான் போயிருக்கும்."
படிக்காவலில் நிற்பவனை அவர் பெயர் சொல்வதில்லை.
"அங்க கதவுக்குச் சந்தனந்தான், வேற பாலிசே கெடயாது.
எப்படி நிக்கிது பாருங்க."
"லாரிக்காரன் வித்துத் தின்னுருப்பான்" என்றாள் ஒச்சம்மாள்,
உளியை முந்தானையில் துடைத்துக்கொண்டே.

எனக்கு வேறொன்று உறைத்தது.
நிலைக்கு வந்திருக்க வேண்டிய ஒரு சாண் உயரம்
அரை நூற்றாண்டாக இந்த வீட்டில் இல்லை.
நான் ஐந்தடி. தெரிந்திருக்க வழியில்லை.
ஞானதுரை ஐந்தடி பதினொன்று.
பதினோரு வருடம், வெளியே போக ஓர் இடி, உள்ளே வர ஓர் இடி,
நான் அடுப்படியிலிருந்து
திரும்பிக்கூடப் பார்க்காமல்,
"குனிஞ்சு போகத் தெரியாதா?"

தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். மாற்றலாகி எட்டு மாதம்.
எண், வரிசை, லாரி எல்லாம் சொன்னேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கிரேன் சத்தம் மட்டும்.
"அப்ப என் மேல தப்பில்ல."
"இல்ல."
"இன்னொரு தடவ சொல்லு."

கூரையைத் தூக்கி நாலு கட்டை சொருக
எண்பதாயிரம் என்றார் சோணை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன் சரிபாதி,
ஒரு கரண்டி செம்மண் சாயம்.
எண்களின்மேல் அழுத்தித் தேய்க்காதே என்று
ஒச்சம்மாளிடம் சொல்லப் போனேன்.
அவள் முன்பே அவற்றைச் சுற்றி
விரலகலம் விட்டு வைத்திருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பையோடு வந்தார்.
எண்ணெய் குடித்து மின்னிய சுவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.
நிலைமுன் நின்று கையை உயர்த்தி
சட்டத்திலிருந்து மேலே ஒரு சாண் அளந்து
அங்கே விரலால் ஒரு கோடு போட்டார்.
கணக்குச் சரி என்பதாய்த் தலையாட்டினார்.
பிறகு நிமிர்ந்தபடியே உள்ளே நுழைந்தார்.

மூன்றாம் பூச்சு இன்னும் காய்ந்திருக்கவில்லை.

பாக்கிப் பணத்துக்கு ஞாயிறு காலை வந்த சோணை
அவர் நெற்றிச் சிவப்பைப் பார்த்து,
"மலைக்குப் போயிட்டு வந்தீகளா?" என்று கேட்டார்.
ஆமாம் என்றார் இவர்.