எண் நாற்பத்தொன்று

காலை ஏழு மணி, புக்கிட் பாத்தோக் கிளை.
கதவு திறக்குமுன் செய்தி வந்தது:
லெட்டியூஸ், நாற்பத்தொன்றில் முடியும் தொகுதி,
அத்தனையும் எடுத்துவிடு.

எடுத்தேன்.
‘மும்முறை கழுவியது’ என்று
முகத்தில் எழுதிய பைகள்.
கறுப்பு மூட்டைக்குள்ளும்
வாடவில்லை ஒரு இலைகூட.

வந்தவை இருபத்தாறு.
மூட்டையில் பதினெட்டு.

நேற்று மாலை மிஸ்டர் கோ
இரண்டு வாங்கினார்.
“முயலுக்கு” என்றார், நான் கேட்காமலே.
ஒன்று முயலுக்கு.
மற்றது?

ரசீது வேண்டாமென்று கையசைத்துப் போனவர்
எந்த புளோக், எந்த மாடி.

அறிவிப்பை ஒட்டுகிறேன்,
நான்கு மொழியிலும் இருக்கிறது.
அவர் கண்ணாடி கொண்டுவருவதில்லை;
விலையைக்கூட
நான்தான் படித்துச் சொல்வேன்.