ஒருவருக்கு மூன்று நிமிடம்

மார்ச் பிறந்தும் பனி இளகவில்லை.
மின்னசோட்டாவின் வடக்கே ஓர் இரும்புச் சுரங்க ஊர்,
பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் கூட்டம்.
நான் குறிப்பெழுதுபவள்.
கருத்துச் சொல்வது என் வேலையில் சேராது.
மணியடிப்பது சேரும்.

தரையில் ஆறடிக்கு ஒன்றாக ஒட்டிய மஞ்சள் நாடா
ஓரம் பிய்ந்து கறுத்துக் கிடந்தது.
அதன்மேல் போட்ட நாற்காலிகள்
முதலில் அளவுக்கு அடங்கி இருந்தன,
பிறகு உறவுப்படி, பகைப்படி
மெல்ல நகர்ந்துகொண்டன.

தீர்மானம் பதினேழு:
முகக்கவசம் இனியும் கட்டாயமா?

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
இரண்டு வருடம் மூடித்தான் பார்த்தோம்.
துணிக்குப் பின்னாலும்
அது பேசிக்கொண்டேதான் இருந்தது.

முதலில் ரூடி சுபான்சிக், ஹாக்கிப் பயிற்சியாளர்.
"யார் அழுகிறான், யார் சிரிக்கிறான்
தெரியாமலே பிள்ளைகளைத் திட்டினேன்.
போதும்."
கைதட்டல்.
நீக்குக, ஒன்று.

அடுத்து மார்கிட் ஓஸ்டர்லுண்ட்.
மகனுக்கு ஒன்பது வயது, ரத்தப் புற்று.
அவள் அழவில்லை. தாளில் எண்கள் கொண்டுவந்திருந்தாள்,
திங்கள் முதல் ஞாயிறு வரை
அவன் உடம்பில் எத்தனை வெள்ளணுக்கள் என்று.
வியாழக்கிழமையை வாசிக்கும்போது
பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.
அரங்கம் மொத்தமும் திரும்பியது.
"காபி புரையேறிடுச்சு!"
சிரிப்பு.
சலசலப்பு என்று எழுதினேன்.
வெள்ளியும் சனியும் எனக்குக் கேட்கவில்லை.

வைனோ லெஹ்டினன் எழுந்தபோது
இரு தரப்பும் நிமிர்ந்து உட்கார்ந்தது.
மூக்கில் குழாய், பக்கத்தில் சக்கரம் வைத்த உருளை.
"முப்பத்தொரு வருடம் சுரங்கத்தில் நொறுக்கும் பிரிவு.
கம்பெனி கவசம் கொடுத்தது.
கழுத்தில் மாட்டிக்கொண்டோம், நெக்லஸ் மாதிரி.
கட்டாயம் என்று ஒருவனும் சொல்லவில்லை.
சுதந்திரமாக இருந்தோம்."
உருளை இரண்டு முறை சீறியது.
நீக்கலாமா, கூடாதா? தலைவர் கேட்டார்.
"அதைச் சொல்ல நான் வரவில்லை."
உட்கார்ந்துவிட்டார்.
என் தாளில் இரண்டே கட்டங்கள்.
அவர் பெயரைக் கோட்டின்மேல் எழுதினேன்.

பிறகு டெல்லா போல்யூ, உணவுக்கூடத்தில் பரிமாறுபவள்.
காது கேளாது, உதடு பார்த்துப் பேச்சறிபவள்.
தன் குரலின் ஏற்ற இறக்கம் அவளுக்குத் தெரியாது,
நாங்கள்தான் தலை குனிந்தோம்.
"இரண்டு வருடமாக இந்த ஊரில்
ஒருவர்கூட என்னோடு பேசவில்லை.
உங்கள் வாய்கள் எனக்கு வேண்டும்."
கைதட்டப் போனவர்களைக் கையமர்த்தினாள்.
"நவம்பரில் என் தங்கை செத்தாள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் ஏதோ சொன்னாள்.
கவசம் போட்டிருந்தாள்.
என்ன சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது.
கழற்றியிருக்கலாம் என்று சொல்ல
எனக்கு மனம் வரவில்லை."

கடிகாரம் மூன்றைத் தாண்டியது.
மணி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
நான்கு நிமிடம் இருபது விநாடி.
குறிப்பில் மூன்று என்று போட்டேன்.

நாலுக்கு மூன்று. தீர்மானம் நிறைவேறியது.
நாளைக் காலை எட்டு மணி முதல் நீக்கம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
வென்றவர்கள் வாசலைத் தாண்டியதும்
கம்பளித் துண்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு
கார்களுக்கு ஓடினார்கள்.

லிபான் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தான்.
கொரோனா வந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தவன்,
எனக்கு அவன் இரண்டு கண்கள் மட்டும்.
தண்ணீர் குடிக்கக் கவசத்தை இறக்கினான்.
நான் அவனுக்கு ஒரு மீசை வைத்திருந்தேன்,
கொஞ்சம் கடுகடுப்பும்.
இரண்டுமே இல்லை.
மோவாயில் சின்னக் குழி.
கதவைத் தட்டாமல் திறந்துவிட்டவள்போல
பார்வையைத் திருப்பினேன். பிறகு நானும் கழற்றினேன்.
"நீங்கள் இப்படி இருப்பீர்கள் என்று நினைக்கவில்லை," என்றான்.
எப்படி என்று நான் கேட்கவில்லை.
குனிந்து நாடாவை உரித்தோம்.
தரையின் மெருகும் சேர்ந்து வந்தது.

இந்தக் குறிப்பு அடுத்த மாதம்
திருத்தத்துக்கு வைக்கப்படும்.
நான்கு நிமிடம் இருபது விநாடி என்று
யாராவது எழுந்து சொன்னால்
ஒத்துக்கொள்வேன்.