பங்கு

முதல் நாள் முழுக்க
செல்போன்தான் ஊர்விட்டு ஊர் போனது.
தலைமாட்டில் வைத்தால் தமிழ்நாடு,
ஜன்னல் திட்டில் வைத்தால் கேரளம்.
அன்புடன் வரவேற்கிறோம் என்று
ஒரே பிற்பகலில் பதினொரு முறை வரவேற்கப்பட்டோம்,
படுத்தபடியே.

நீரோடி முடிந்தால் பொழியூர்.
நடுவில் கோடு எதுவும் தெரியவில்லை.
ஒரு டீக்கடையில் தமிழ் தினசரி,
நாலு வீடு தள்ளி அடுத்ததில் மலையாள தினசரி,
இரண்டிலும் ஒரே பழம்பொரி,
ஒரே ஈ.

அக்கா ஒரு பட்டியலோடு வந்திருந்தாள்.
சுசீந்திரம் ஒரு நாள், திற்பரப்பு ஒரு நாள்,
பத்மநாபபுரம் அரை நாள், அங்கே சாப்பிடவும்.
இரண்டாம் நாள் காலை அதை எட்டாக மடித்து
ஆடிக்கொண்டிருந்த மேசையின்
காலடியில் செருகினாள்.

நான் டயாலிசிஸ் மையத்தில் இருப்பவள்.
ஒருவருக்கு நான்கு மணி நேரம்,
அடுத்தவருக்கு நான்கு மணி நேரம்.
ரத்தம் வெளியே போய்த் திரும்பி வருவதைப்
பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன்.
அலையையும் முதலில் அப்படித்தான் பார்த்தேன்,
எங்கேயாவது அலாரம் அடிக்குமென்று.
அடிக்கவில்லை.
மூன்றாம் நாள்தான் என் கண்
மணிக்கட்டுக்குப் போவதை விட்டது.

கிளீட்டஸின் லாட்ஜில் இரண்டே அறை.
ஒன்றில் நாங்கள், ஒன்றில் வலையும் பழுதான எஞ்சினும்.
மரச்சீனியும் சாளைக் கறியும் கொண்டுவரும்போதெல்லாம்
ஜெசிந்தா கேட்பாள்:
"ஒண்ணும் பாக்கப் போவாண்டாமா?"
"பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்" என்பாள் அக்கா,
கண்ணை மூடிக்கொண்டு.

நான்காம் நாள் விடிந்ததும்
கரையில் கரமடி இழுத்தார்கள்.
வேடிக்கை பார்க்கத்தான் போனோம்.
யாரோ கத்தினார்கள்:
"சும்மா எதுக்கு நிக்கிதிய, வந்து பிடியுங்க."
அக்கா நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு
கயிற்றைப் பிடித்துவிட்டாள்.
எனக்கு வேறு வழியில்லை.

ஒன்றரை மணி நேரம்.
கடல் எங்களை இழுத்ததா
நாங்கள் கடலையா என்று
கடைசி வரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.
உள்ளங்கையில் தோல் வழன்றது.
மடி கரையேறியபோது
சொறிமீன் கொஞ்சம், இடதுகால் செருப்பு ஒன்று,
கீழே, வெள்ளியைக் கொட்டினாற்போல் நெத்தோலி,
அதிகமில்லை.

ததேயு என்கிற பெரியாள்
மணலில் கூறு வைத்தார்.
இழுத்த கைக்கெல்லாம் ஒரு கூறு.
எங்கள் இரண்டு பேருக்கும்
பூவரச இலையில் இரண்டு.

"எனக்கா?" என்றாள் அக்கா.
"பின்னே?" என்றார், நிமிராமல்.

ஐம்பத்தெட்டு வயது.
மூன்று பிள்ளை, ஒரு மாமியார், மாமனாரின் பக்கவாதம்,
இரண்டு கல்யாணத்துக்குப் பலகாரம்,
காலை ஐந்து மணிக்குப் பால்.
யாரும் இதுவரை
அவள் முன்னால் கூறு வைத்ததில்லை.
இலையை இரண்டு கையிலும் ஏந்தி
மணலில் பூனைபோல நடந்து வந்தாள்.

ஜெசிந்தா பொரித்துத் தந்தாள்.
என்னுடையது தீர்ந்ததும்
பழக்கத்தில் அவள் தட்டுக்குக் கை நீட்டினேன்.
சின்ன வயதிலிருந்து
தன் தட்டை என் பக்கம் நகர்த்தியே பழகியவள்,
தட்டை இழுத்துக்கொண்டாள்.
"உன் பங்கைத் தின்னாச்சு இல்ல?"
நான் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
ஒவ்வொன்றாக, தலையோடு,
மெதுவாகத் தின்றாள்.

பொரிக்காமல் வைத்திருந்த ஒரு பிடியை
உப்பில் புரட்டி மதில்மேல் காயவைத்தாள்,
காக்காய்க்குக் காவலாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
அதுதான் அன்றைய முழு நாளும்.

கிளம்பும்போது கிளீட்டஸுக்கும் எங்களுக்கும் தகராறு.
நான்கு நாள் வாடகை என்றார் அவர்.
ஐந்து என்றோம் நாங்கள்.
காலண்டர் யாரிடமும் இல்லை.

கருவாட்டைப் பொதியத் தாள் தேடினாள் அக்கா.
குனிந்து மேசைக்காலடியிலிருந்து உருவினாள்.
சுசீந்திரம், திற்பரப்பு, பத்மநாபபுரம் எல்லாம்
நெத்தோலியைச் சுற்றிக்கொண்டன.

மேசை மறுபடி ஆடத் தொடங்கியது.
பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.
ஆடட்டும் என்று
அதன்மேலேயே டீயை வைத்துக் குடித்தோம்.